ஆர்லோவுக்குக் குற்றம் சொல்லிக்கொடுத்தவன்

கார்வின் ஹேலைப் பற்றி எங்கள் சிறை அலுவலகத்தில் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று, ஆயுள் தண்டனை, உள்ளே வந்து இருபத்தொன்பது வருடம், பதினாறு வருடமாக ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, இப்போதைய வேலை மறதி வார்டில் உதவியாள். அந்த வார்டில் நான் ஒன்பது வருடம் பகல் காவல் பார்த்தேன். எனக்கு அந்த இரண்டு வரி போதவில்லை.

ப்ரூயட் ஊரில் காற்றையும் மாட்டுப் பட்டியின் நாற்றத்தையும் விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஊரில் பாதிப் பேர் மாடு கொழுக்க வைக்கிறார்கள், மீதிப் பாதி ஆள் காக்கிறோம். என் அப்பா இந்தச் சிறையில் கோபுரக் காவலர், என் வீட்டுக்காரர் சமையற்கூட மேற்பார்வை, நான் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் விண்ணப்பம் போட்டேன். வேலையில் சேர்ந்தபோது தண்டனை என்றால் என்ன என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு செய்தவன் உள்ளே, செய்யாதவன் வெளியே. இருபத்திரண்டு வருடம் கழித்து இப்போது யாராவது கேட்டால், எனக்கு இடுப்பு வலிக்கிறது என்றுதான் சொல்ல வருகிறது.

ஆயுள் தண்டனையை அள்ளிக் கொடுத்தவர்கள் அந்த ஆட்களுக்கு ஒருநாள் வயதாகும் என்பதை யோசிக்கவில்லை போலிருக்கிறது. மறதி வார்டில் இருபத்திரண்டு படுக்கை. எழுபதுக்குக் கீழே யாரும் கிடையாது. கழிவறைக்கு வழி தெரியாதவர்கள் தப்பித்துப் போய்விடாமல் இருக்க நான்கு கதவு, இரட்டை வேலி, ஒரு கோபுரம். என் இடுப்பில் கைவிலங்கும் மிளகுத் தெளிப்பானும் தொங்கும். அந்த ஒன்பது வருடத்தில் இடுப்புப் பையிலிருந்து நான் அதிகம் எடுத்தது மூக்குத் துடைக்கும் காகிதம்தான்.

எங்கள் விதிப்படி எல்லாக் கைதிகளும் வருடத்துக்கு ஒரு முறை கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போயாக வேண்டும். மறதி வார்டுக்கு விலக்கு என்று எங்கும் எழுதியில்லை. ஆகவே ஒவ்வொரு மார்ச் மாதமும் இருபத்திரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போய் வகுப்பில் வரிசையாக நிறுத்துவோம். உங்களுக்கு எதைக் கண்டால் கோபம் வருகிறது என்று ஆசிரியை கேட்பார். ஒருவர் சூப் என்பார். இன்னொருவர், அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பார். எல்லோருக்கும் தேர்ச்சிச் சான்றிதழ் உண்டு.

நர்சுகள் போதவில்லை. ப்ரூயட்டுக்கு வர எந்த நர்சுக்கும் தலையெழுத்தா என்ன. அதனால் நல்ல நடத்தையுள்ள ஆயுள் கைதிகளைப் பொறுக்கியெடுத்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, மஞ்சள் சட்டை மாட்டி வார்டுக்குள் விட்டார்கள். கழுவிவிடுவது, ஊட்டிவிடுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவர்கள்தான். பயிற்சியில் முக்கியமான பாடம், எதிர்த்துப் பேசாதே என்பது. பால் கறக்க நேரமாகிவிட்டது என்று ஒரு கிழவர் தவித்தால், மாடு இன்னும் மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை என்று சொல்ல வேண்டும். உள்ளே வந்த நாளிலிருந்து பொய் சொல்லாதே என்று நாங்கள் அதட்டிய ஆட்களுக்கு நாங்களே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தோம். சிலர் மிக நன்றாகத் தேறினார்கள்.

கார்வின் அவர்களில் ஒருவன். நெடுநெடுவென்று உயரம், கொஞ்சம் கூன், மண்வெட்டி பிடிக்க வேண்டிய பெரிய கைகள். அந்தக் கைகளால் அவன் கிழவர்களுக்குச் சவரம் செய்வதை வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். தாடையை இரண்டு விரலால் தூக்கி, பேசிக்கொண்டே, ஒரு கீறல் விழாமல் செய்வான். யாருக்குப் பட்டாணி ஆகாது, யார் வலது பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மற்ற மஞ்சள் சட்டைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் மருமகள். "நம்ம மருமகப் பொண்ணு மாமனாருங்களுக்குக் காப்பி ஆத்துது பாரு" என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான், கோபப்பட மாட்டான்.

அவனும் ஆயுள் கைதிதான் என்பதால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஆளை வெளியே விடலாமா என்று முடிவு செய்யும் பரோல் குழுவின் படிவம் அவனுக்கு வரும். விசாரணை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கும். அவன் வேண்டாம் என்பதில் குறி போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் தந்துவிடுவான். ஆரம்பத்தில் மூன்று முறை குழுவின் முன் போயிருக்கிறான் என்று வார்டில் பேச்சு. என்ன செய்தாய் என்று கேட்டால், அந்தச் சம்பவம் நடந்தது என்பானாம். நடத்தியது யார் என்றால், நடந்துபோச்சு என்பானாம். செய்ததை ஒப்புக்கொள்ளாதவனை வெளியே விட மாட்டார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு அவன் போவதையே நிறுத்திவிட்டான். அந்தச் சம்பவம் என்னவென்று எனக்குத் தெரியாது. கைதிகளின் கோப்பை நான் படிப்பதில்லை. படித்துவிட்டால் மறுநாள் அந்த ஆளுக்குக் காலை வணக்கம் சொல்லும்போது என் முகம் மாறிவிடுகிறது. இது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. இந்தக் கதையில் அந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆர்லோ பெக்ஸ்ட்ரமின் கோப்பை மட்டும் நான் படிக்கத் தேவையே இருக்கவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் அவரே சொல்வார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூலை மாதம், கடும் வறட்சி. பக்கத்து நிலத்துக்காரர் ரே உல்லம் வாய்க்கால் மடையைத் தன் பக்கம் திருப்பினார். ஆர்லோ வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து அவரை மடையிலேயே சுட்டுப் போட்டார். இதை ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி சொல்வார். ஐந்து முறை பரோல் குழுவின் முன் போனார். ஐந்து முறையும் ஒரே பதில்தான், "என் தண்ணியத் தொட்டான்." ஐந்து முறையும் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது சரிதான் என்று நானும் நினைத்தேன். கெட்ட கிழவர் அவர், சாப்பாட்டுத் தட்டை எறிகிற ரகம்.

பிறகு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி, அப்புறம் வறட்சி, மடை, துப்பாக்கி எல்லாமே. எழுபத்தெட்டு வயதில், டிராக்டருக்கு ஏதோ உதிரி பாகம் வாங்க ஊருக்கு வந்த இடத்தில் கடைக்காரன் காக்க வைத்திருக்கிறான் என்கிற நினைப்பில் உட்கார்ந்திருப்பார். கதவருகே நிற்கும் என்னைக் கடைக்காரனின் பெண்டாட்டி என்று நினைத்து மிக மரியாதையாக நடந்துகொள்வார். தன் ரொட்டியைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பிய்த்துக் கொடுப்பார். என் இருபத்திரண்டு வருட வேலையில் முழுதாகத் திருந்தி நான் பார்த்த ஒரே கைதி ஆர்லோதான். அவரைத் திருத்தியது சிறை அல்ல, மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாததுதான் என்று டாக்டர் சொன்னார்.

அவருக்கு ஒரே உறவு அக்கா மகள் லோர்னா. இரண்டு மணி நேரத் தூரத்தில் மெர்வினில் இருக்கிறாள், பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமா தன் வீட்டில் சாகட்டும் என்று எழுதினாள். தையல் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தி, அதைப் படம் எடுத்தும் அனுப்பினாள். ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோயைக் காட்டி விடுவிக்கும் மனுவை அலுவலகம் திருப்பிவிட்டது. தானே எடுத்துச் சாப்பிடுகிறவர் போதுமான அளவு நோயாளி அல்ல என்பது விதி. மிச்சம் இருந்தது பரோல் குழு ஒன்றுதான். அக்டோபரில் அவருக்கு ஆறாவது விசாரணை. அங்கே அவர் தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும், வருந்த வேண்டும். ஆனால் அவருக்குத் தான் செய்ததே தெரியாது.

ஆகஸ்டில் ஒருநாள் கார்வின் என் மேஜையருகே வந்து நின்றான்.

"மேடம், பெருசோட கேஸ் சுருக்கம் ஒரு காப்பி கிடைக்குமா? அவரோட வக்கீல் சரின்னுட்டாரு."

எதற்கு என்று கேட்டேன்.

"அவரு என்ன செஞ்சாருன்னு அவருக்குச் சொல்லிக்குடுக்கணும்."

பயிற்சியில் கற்றுக்கொண்டது இதற்கு நேர் எதிர் என்று நினைவுபடுத்தினேன்.

"பயிற்சி அவரு இங்கயே சாகறதுக்கு மேடம். நான் சொல்றது வெளிய போய்ச் சாகறதுக்கு."

 இரண்டு பக்கச் சுருக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சவரத்தின்போது பாடம் ஆரம்பமானது. நான் கதவருகே நின்று கேட்டேன். ஒரு ஜூலை மாதம், வறட்சி, மடை, துப்பாக்கி என்று கார்வின் நிதானமாகப் படித்தான். சோப்பு நுரையோடு ஆர்லோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாரு, நானா? ரேயையா? ரே என் சிநேகிதன்யா" என்றார். அவருடைய ஞாபகம் வாய்க்கால் சண்டைக்கு முந்தைய வருடங்களுக்குப் போய்விட்டிருந்தது. அங்கே ரேயும் அவரும் ஈனும் பசுவிடமிருந்து ஒன்றாகக் கன்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்வின் காகிதத்தில் இருந்த ஆர்லோவின் பெயரைக் காட்டினான். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அழுதார், நுரையெல்லாம் கரைந்து கழுத்தில் வழியும்வரை அழுதார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது எல்லாம் மறந்து போய், கடைக்காரன் இன்னும் வரவில்லையா என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் அதே பாடம், அதே "நானா?", அதே அழுகை. பதினோரு நாள் பார்த்தேன். சிறையில் முப்பத்தெட்டு வருடம் வைத்திருந்து ரே உல்லமுக்காக அவரிடமிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வாங்க முடியவில்லை. இரண்டு காகிதத்தை வைத்துக்கொண்டு கார்வின் தினமும் காலையில் வாங்கினான். கொலை செய்தவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை எந்த நீதிபதிக்கும் தோன்றியிருக்காது. அதைப் பார்த்து எனக்கு நீதி கிடைத்த மாதிரி இல்லை.

"தெனம் ஒரு மனுஷன எழுப்பி நீ கொலைகாரன்னு சொல்றியே, இது என்ன உதவி?" என்று பன்னிரண்டாம் நாள் அவனைக் கேட்டே விட்டேன்.

"இன்னும் ஆறு வாரம் மேடம். அப்புறம் லோர்னா வீட்ல எல்லாத்தயும் மறந்துக்கட்டும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க."

ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. செப்டம்பர் நடுவில் கார்வின் முறையை மாற்றினான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டான். சவரம் செய்யும்போது ஆர்லோவின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாகப் பேசுவான். கிழவர் அசையாமல் கேட்பார். அழுகையும் மாறியது. முன்பெல்லாம் அடி வாங்கிய குழந்தை போலக் கத்துவார். இப்போது சத்தமே இருக்காது. இரண்டாம் வாரத்தில் பாடம் மதியம் தாண்டியும் நினைவில் நின்றது. மூன்றாம் வாரத்தில் மறுநாள் காலையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் தப்பு பண்ணிட்டேன் என்று அவரே ஆரம்பித்தார். கார்வின் கத்தியைக் கழுவ வந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒட்டுது மேடம்."

எப்படி என்று கேட்டேன்.

"அந்தக் காகிதத்துல வருஷமும் பேரும்தான இருக்கு. அது அவருகிட்ட நிக்காது. குழு கேக்கறது வேற. அந்த நேரத்துல எதிர்ல இருந்தவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு, உனக்கு உள்ள என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. அத இவரு ஆயுசுல யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சத வச்சு நிரப்பிக்கிட்டிருக்கேன்."

நல்லது என்று சொல்லிவிட்டு நான் கணக்கெடுப்புக்குப் போய்விட்டேன். ஒருநாள் அவர்களைக் கடந்து போகும்போது மோட்டல் என்று ஒரு சொல் காதில் விழுந்தது. ஏதோ நெடுஞ்சாலை விடுதியைப் பற்றி ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கார்வினின் கோப்பை நான் படித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். படிக்கவில்லை, அதனால் நிற்கவில்லை.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஆர்லோவின் சட்டையைக் கார்வின் முதல்நாளே மெத்தைக்கடியில் மடித்து வைத்து மடிப்புக் கலையாமல் எடுத்து மாட்டியிருந்தான். சக்கர நாற்காலியைத் தள்ளவும் மூக்கைத் துடைக்கவும் ஆள் வேண்டும் என்பதால் அவனை உள்ளே அனுமதித்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் கதவருகே. மேஜைக்குப் பின்னால் குழுவினர் மூவர், நடுவில் தலைமை உறுப்பினர் திருமதி ப்ரைல். ஒரு பக்கம் வக்கீல். சுவரில் இருந்த திரையில் ரே உல்லமின் மகன் நீல், தன் பண்ணைக் கொட்டகையிலிருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. அப்பா சாகும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, இப்போது அறுபது. லோர்னாவுக்கு உள்ளே அனுமதி இல்லை. கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பெயர் கேட்டார்கள். சொன்னார். எந்த மாதம் என்று கேட்டார்கள். ஜூலை, ரொம்ப வெயில் என்றார். கார்வினின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன செய்தீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார் திருமதி ப்ரைல்.

ஆர்லோ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தம்மா மோட்டல் கவுண்டருக்குப் பின்னாடி சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. மக்ரோனி. மடியில ஒரு துண்டு விரிச்சிருந்தாங்க. கல்லாவத் தொறன்னேன். தொறந்தாங்க. எல்லாத்தயும் எடுத்துக்கப்பா, எனக்குக் காலு நிக்கல, கொஞ்சம் உக்காந்துக்கறேன்னாங்க. உக்காராதன்னேன். நாற்காலிக்குக் கீழ துப்பாக்கி ஏதும் வச்சிருப்பாங்களோன்னு பயம். அவங்க உக்காரப் போனாங்க. நான் டெலிபோன எடுத்து அவங்க தலையில அடிச்சேன். மறுபடியும் அடிச்சேன். அப்புறம் குனிஞ்சு பாத்தா, நாற்காலிக்குக் கீழ அவங்க செருப்புதான் இருந்துச்சு."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழுவில் ஒருவர் தப்பான கோப்பை எடுத்து வந்துவிட்டோமோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆர்லோ எதையும் கவனிக்கவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கி, நன்றாகச் சவரம் செய்த கழுத்தில் ஓடியது.

"உக்கார விட்டிருக்கலாம்" என்றார். "என்ன கேட்டாங்க, உக்காரணும்னுதான கேட்டாங்க."

நான் கார்வினைப் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை அவன் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. முகத்தை நிமிர்த்தவே இல்லை. அவனுடைய கோப்பை நான் படிக்க வேண்டிய அவசியம் அப்போதே தீர்ந்துவிட்டது.

திருமதி ப்ரைல் மெதுவாக, ரே உல்லம் யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"ரேயா?" அழுகைக்கு நடுவே ஆர்லோவின் முகம் மலர்ந்தது. "தங்கமான ஆளு. கன்னு போடறப்ப ஒத்தாசைக்கு வருவான். இந்த வருஷம் அவனுக்குக் கோதும எப்படி?"

திரையில் நீல் உல்லம் மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பின்னால் ஒரு மாடு கத்தியது. பிறகு சொன்னார், "அது எங்கப்பா இல்ல. இதுக்கு முன்ன அஞ்சு தடவையும் நான் வந்திருக்கேன். அஞ்சு தடவயும் இந்தாளு எங்கப்பாவத் திட்டினாரு. இன்னிக்கி அழறாரு, வேற யாருக்கோ அழறாரு. விடுங்கன்னும் சொல்லல, விடாதீங்கன்னும் சொல்லல. எனக்கு அலுத்துப்போச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." திரை இருண்டது.

எங்களை வெளியே நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். மறுபடி கூப்பிட்டு முடிவைப் படித்தார்கள். கைதியிடம் ஆழ்ந்த வருத்தம் தெரிகிறது. ஆனால் அது அவர் தண்டனை பெற்ற குற்றத்துக்கான வருத்தம் அல்ல. அவருடைய சொந்தக் குற்றத்தை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுப்பு, அடுத்த விசாரணை மூன்று வருடம் கழித்து. வக்கீல் நோயைப் பற்றி ஏதோ சொன்னார். விதியில் அப்படி ஒரு இடம் இல்லை என்றார் திருமதி ப்ரைல். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல் அழுத்திக்கொண்டார், பாவம், அவருக்கும் அன்று காலை இன்னும் நான்கு பேர் பாக்கி. இந்தக் கதையை இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் பேசவில்லை. வக்கீல் தன் காகிதங்களை அடுக்கினார். ஆர்லோ, ரொம்ப நன்றி என்று சொல்லி மூவரிடமும் கை குலுக்கினார்.

வக்கீல் லோர்னாவிடம் சொல்லப் போனார். நடைகூடத்துச் சன்னல் வழியே பார்த்தேன். அவள் காரைவிட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள். வக்கீல் திரும்பிய பிறகும் கார் கிளம்பவில்லை. மூன்று வருடம் என்றால் அந்தக் கட்டிலில் ஆர்லோ படுக்கப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கார்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆர்லோ இன்னும் அழுதுகொண்டிருந்தார். நடந்தது சீக்கிரம் மறந்துவிடும், அது தந்த துக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"தம்பி" என்றார் ஆர்லோ, "அந்தம்மாவ நான் ஏன் உக்கார விடல?"

கார்வின் நாற்காலியை நிறுத்தினான். நடைகூடத்தில் நிற்கக் கூடாது, நகரு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் சுற்றி முன்னால் வந்து, கிழவரின் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இல்ல பெருசு. நான். நான்தான் அவங்கள உக்கார விடல. நான்தான் அடிச்சேன். உன்னோடத சொல்லிக்குடுக்கறேன்னு என்னோடதச் சொல்லிட்டேன். இப்ப உன் வழிய நான்தான் அடைச்சிட்டேன்."

மூன்று விசாரணையில், மூன்று குழு மாறி மாறிக் கேட்டும் அவன் வாயிலிருந்து வராத நான் என்கிற சொல் அது. கேட்பதற்குக் குழு அங்கே இல்லை. எழுதிக்கொள்ளவும் ஆள் இல்லை. நானும் ஒரு மறதிக்காரக் கிழவரும்தான் இருந்தோம்.

ஆர்லோ அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"அப்ப உன்ன இங்க வச்சிருக்கறது நியாயந்தான்."

"நியாயந்தான்."

"எத்தன வருஷமா இருக்க?"

"இருபத்தொம்போது."

"அடேயப்பா" என்றார் ஆர்லோ. அந்த எண்ணிக்கை அவருக்கு உண்மையாகவே பெரிதாகப் பட்டது.  முகத்தில் இருந்த கோபம் வடிந்து, ஏதோ நல்ல செய்தியை எதிர்பார்ப்பவர் போல முன்னால் சாய்ந்தார்.

"இத்தன வருஷத்துல அந்தம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்கல்ல?"

கார்வின் தரையைப் பார்த்தான்.

"இல்ல பெருசு" என்றான்.